முதல் ரயில் கிளம்பியது ராயபுரத்தில், ரயில்வே ஊரானது பெரம்பூர். ஏன்?

கேள்வி இதுதான்: "எங்கள் தாத்தா பெரம்பூர் லோகோவில் (ரயில் எஞ்சின் பட்டறையில்) பிட்டராக இருந்தவர். ரயில்வே வருவதற்கு முன்னால் பெரம்பூர் வெறும் காடு, வெள்ளைக்காரன் பட்டறை போட்ட பிறகுதான் ஊரே வந்தது என்று சொல்லுவார். அப்படியானால் முதல் ரயில் கிளம்பிய ராயபுரத்தில் பட்டறை போடாமல் ஏன் இங்கே வந்து போட்டார்கள்?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஊரை ரயில்வேதான் உருவாக்கியதா என்பது ஒன்று. ஒரே பாதையில் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிற இரண்டு இடங்களில், ஒன்று மட்டும் ஏன் ரயில்வே ஊராக வளர்ந்தது என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் நிஜமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்வியும் பாதி தீர்ந்துவிடும்.

நான் படித்துப் பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியன் இல்லை. கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது பெரம்பூரின் ரயில் பெட்டிப் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே ரிடையர் ஆனவன். பழைய ரயில்வே விஷயங்களைத் தேடிப் படிக்கிற பழக்கம் வேலையில் இருக்கும்போதே ஒட்டிக்கொண்டது. அதனால் எது பதிவில் இருப்பது, எது பட்டறையில் வேலை பார்த்தவனாக நான் ஊகிப்பது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காடு சமாச்சாரம். அது சரியில்லை. 1742-ல் ஆற்காடு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தபோது, வேப்பேரி, புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையங்குப்பம் இவற்றோடு பெரம்பூரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதாவது ரயில் வருவதற்கு நூறு வருஷத்துக்கும் மேலாகவே இது பெயருள்ள, வரி வசூலிக்கக்கூடிய ஊர். உங்கள் தாத்தா சொன்னது பொய் என்று அர்த்தமில்லை. லோகோவும் கேரேஜும் நிற்கிற மேற்குப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த வெளியாக இருந்திருக்கும், வேலைக்கு வந்து இறங்கியவர்கள் கண்ணுக்கு அதுதான் தெரிந்திருக்கும், அந்த நினைவு இரண்டு தலைமுறை தாண்டி வரும்போது 'வெறும் காடு' ஆகிவிட்டது. இது என் ஊகம்தான், ஆனால் ரயில்வே குடும்பங்களில் இந்த மாதிரிக் கதை ஏகப்பட்டது கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று, வடசென்னைக்கு ரயில் என்பது 1856-ல் வானத்திலிருந்து குதித்ததும் இல்லை. 1837-லேயே செங்குன்றத்துப் பக்கத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் ஒரு தண்டவாளப் பாதை ஓடியது. ரோடு போடுவதற்கு வேண்டிய செம்பாறைக் கல்லைக் கொண்டுவர அமைத்தது, பின்னால் கோதாவரி அணையைக் கட்டிய ஆர்தர் காட்டன்தான் அதற்குப் பின்னால் இருந்த இஞ்சினியர். நீராவி எஞ்சினையும் வைத்துப் பார்த்தார்கள், ஆனால் பெரும்பாலும் மாடு, குதிரைதான் இழுத்தது. பயணிகளுக்கான பாதை இல்லை, ரொம்ப காலம் நிலைக்கவும் இல்லை. அதனால்தான் பேச்சில் அடிபடுவதில்லை.

சரி, ராயபுரம். மெட்ராஸ் ரயில்வே கம்பெனி லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய கம்பெனி. போட்ட பணத்துக்கு ஏறக்குறைய 5 விழுக்காடு வட்டிக்கு அரசாங்கம் ஜவாப்தாரி, லாபம் வரவில்லை என்றால் நம்மூர் வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டுவார்கள். (அந்த ஏற்பாட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது, விட்டுவிடுகிறேன்.) 1853-ல் வேலை தொடங்கியது. 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் நிலையத்தை கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார், ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரைக்கும் பொதுமக்களுக்கான ரயில் ஓடியது. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். இதெல்லாம் பதிவில் உள்ளது, சந்தேகமே வேண்டாம். ஆனால் ராயபுரம்தான் இந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. பம்பாயிலிருந்து தானாவுக்கு 1853-லும், ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854-லும் ரயில் ஓடிவிட்டது. தென்னிந்தியாவில் முதல் நிலையம் ராயபுரம், அந்த மூன்று ஊர்களில் ஆரம்பத்தில் கட்டிய கட்டடம் இன்றும் நிற்பது ராயபுரத்தில் மட்டும். அந்தப் பெருமையே போதுமே.

ராயபுரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துக் கடற்கரையை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் தள்ளிக் கடலில் நிற்கும், சரக்கும் ஆளும் மசூலாப் படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். துறைமுகம் கட்டுகிற வேலை 1870-களில்தான் தொடங்கியது, அதையும் 1881 புயல் வந்து அடித்து நொறுக்கியது. ஆக, 1850-களில் இங்கிலாந்திலிருந்து வந்த தண்டவாளம், எஞ்சின் பாகம் எல்லாமே அப்படி மணலில் வந்து இறங்கியவைதான். படகுக்காரர்கள் இருக்கிற இடம், ஜார்ஜ் டவுன் வியாபாரிகளின் கிடங்குகளுக்குப் பக்கம், கோட்டைக்கும் தூரமில்லை. ஏற்றி இறக்குகிற இடம் என்கிற கணக்கில் ராயபுரம் அருமையான இடம். ஆனால் கிழக்கே கடல், தெற்கே நெருக்கடியான டவுன், சுற்றிலும் ஏற்கெனவே ஜனங்கள் குடியிருக்கிற குப்பமும் தெருவும். நீள நீளமான ஷெட்டுகளையும், பெட்டிகளை வரிசையாக நிறுத்திவைக்கிற யார்டையும் எங்கே போடுவது?

பெரம்பூர் அதே பாதையில் மேற்கே அடுத்தாற்போல் இருக்கிறது. சமதரை, நிலம் மலிவு, டெர்மினஸுக்கு, அதாவது வண்டி கிளம்பி வந்து முடிகிற ராயபுரத்துக்கு, அருகில். கம்பெனி பெரம்பூரைத் தேர்ந்ததற்கு இவைதான் காரணங்கள் என்பது என் ஊகம், ஆனால் ஒர்க்‌ஷாப் நடத்தியவன் எவனும் வேறு காரணம் தேடமாட்டான். பட்டறை டெர்மினஸிலிருந்து தூரமாக இருந்தால் பழுதான பெட்டியை இழுத்துக்கொண்டு போவதே ஒரு வேலை, டெர்மினஸுக்குள்ளேயே இருந்தால் ஓடுகிற வண்டிக்கு இடைஞ்சல். கொஞ்சம் தள்ளி, ஆனால் கையெட்டுகிற தூரத்தில் என்பதுதான் பொதுவான கணக்கு. பாதை திறந்த அதே 1856-லேயே பெரம்பூரில் பட்டறை தொடங்கியதாக ரயில்வேயின் குறிப்பு சொல்கிறது. இந்த வருஷத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு இருக்கிற லோகோவையும் கேரேஜையும் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. அது பெட்டியும் வேகனும் ரிப்பேர் செய்கிற சின்னப் பட்டறை. முதலில் ஓடிய பெட்டிகளையே மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனிதான் கட்டிக் கொடுத்தது, அவர்கள் அதற்கு முன்னால் குதிரைவண்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஊர் எப்படி வளர்ந்தது என்பதற்கான பதில் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெட்டி என்றால் இரும்புச் சட்டத்தின் மேல் முழுக்க மரம். நம்மூர் வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி அடித்தால் பலகை உப்பும், பிளக்கும், ஆணி கழலும். பாதையிலே ஓடி ஓடிச் சக்கரத்தின் பட்டை தேயும், அதைக் கடைசலில் கொடுத்துச் சீர் செய்ய வேண்டும், அச்சு சூடாகிக் கெடும், ஸ்பிரிங் உடையும். அதனால் ஓடுகிற பெட்டி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உள்ளே வந்தாக வேண்டும். உடம்பைத் தனியாகத் தூக்கி, கீழே இருப்பதைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி, பெயிண்ட் அடித்து வெளியே அனுப்ப வேண்டும். இன்றைக்கு பி.ஓ.எச். (பீரியாடிக் ஓவர்ஹால்) என்கிறோமே, அதே வேலைதான். பாதை நீள நீளப் பெட்டி பெருகும், பெட்டி பெருகினால் ரிப்பேர் பெருகும். வாலாஜா ரோட்டோடு நின்ற பாதை 1862-க்குள் மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போய்விட்டது, 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குக் கிளை, 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைப்பு. இத்தனை மைலில் உருளுகிற பெட்டிகளின் பழுதைப் பார்க்கிற பொறுப்பில் பெரும்பங்கு பெரம்பூர் தலையில் விழுந்தது.

இந்த வேலைக்குத் தச்சர் வேண்டும், கொல்லர் வேண்டும், வார்ப்பு ஆள், பெயிண்டர், மெத்தை தைக்கிறவர், எல்லோருக்கும் தூக்கிக் கொடுக்கக் கலாசி வேண்டும். நான் சேர்ந்தபோது பெட்டி எல்லாம் இரும்பாகிவிட்டிருந்தது, ஆனாலும் தச்சு செக்‌ஷன் என்று தனியாக இருந்தது, அங்கே இருந்த பெரியவர்களில் பலபேருக்கு அப்பா, தாத்தா எல்லாம் அதே பட்டறைதான். டிக்கெட் வாங்கி ஏறிப் போகிற பயணி நிலையத்தில் அரைமணி நேரம் இருப்பான், போய்விடுவான். பட்டறைக்கு வந்தவன் போவதில்லை, தன் மகனையும் அங்கேயே சேர்த்துவிட்டுத்தான் ஓய்வான். ராயபுரத்துக்கும் பெரம்பூருக்கும் உள்ள வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

இன்னொரு காரணம் நடை. அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு பஸ் இல்லை. சென்னையில் மின்சார டிராமே 1895-ல்தான் வந்தது, அதுவும் எல்லாத் தெருவுக்கும் போகாது, கலாசியின் கூலிக்குக் கட்டுப்படியும் ஆகாது. புறநகர் மின்சார ரயில் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல். அதாவது முதல் எழுபது எண்பது வருஷம் பட்டறை ஆட்கள் பெரும்பாலும் நடந்தேதான் வந்தார்கள். காலையில் சங்கு ஊதும்போது கேட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால், சங்குச் சத்தம் காதில் விழுகிற தூரத்துக்குள் வீடு இருக்க வேண்டும். அயனாவரம், ஓட்டேரி, அகரம், செம்பியம், வியாசர்பாடி என்று நாலாபக்கமும் வீடுகள் நெருங்கியதற்கு இந்த நடைக்கணக்குதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இப்போது அரக்கோணம் லோக்கலில் போனால் பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று அடுத்தடுத்து மூன்று ஸ்டேஷன் வரும், ஒன்றில் நின்றால் அடுத்தது கண்ணுக்குத் தெரியும் என்கிற மாதிரி. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவற்றில் இரண்டு பட்டறைப் பெயரிலேயே இருப்பதைப் பார்த்தாலே, இந்தப் பாதையில் யார் ஏறி இறங்கினார்கள் என்பது புரியும்.

எரிபொருள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மெட்ராஸ் ரயில்வே எஞ்சின்கள் பெருமளவு விறகில்தான் ஓடின, நிலக்கரி கப்பலில் வர வேண்டியிருந்ததால் விலை அதிகம். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஸ்லீப்பரும் மரம். மெட்ராஸ் மாகாணத்தில் காட்டிலாகாவை அமைத்து கிளெகார்னைத் தலைவராகப் போட்டதும் இதே 1856-ல்தான், ரயில்வேக்கு வெட்டப்படுகிற மரம் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. சென்னையைச் சுற்றிக் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பரவியதற்கு எஞ்சின் விறகும் ஒரு காரணம். வடசென்னையில் விறகு என்றாலே சவுக்கு என்று பழகிப்போனதற்கு இதிலும் பங்கு உண்டு.

பட்டறையை நடத்தியவர்கள் யார், வேலை செய்தவர்கள் யார் என்பது ஊரின் வரைபடத்திலேயே இருந்தது. மேலே ஐரோப்பியர், நடுவில் போர்மேன், டிரைவர், கார்டு வேலைகளில் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர், கீழே நம்மவர்கள். தகுதி பார்த்து அமைந்த வரிசை இல்லை அது, பிறப்பைப் பார்த்துக் கம்பெனி வைத்திருந்த வரிசை. மேலே இருந்தவர்களுக்குத் தோட்டம் வைத்த குவாட்டர்ஸும் இன்ஸ்டிட்யூட் என்கிற கிளப்பும் கிடைத்தன, கூலிக்காரன் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டு குடிசையிலோ லைன் வீட்டிலோ இருந்தான். பெரம்பூரின் லூர்து மாதா கோயில், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்த தெருக்கள், இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்கள், ஹாக்கி எல்லாம் அந்த நடுவரிசையோடு சேர்ந்து வந்த வாழ்க்கை. அவர்களில் நிறையப் பேர் 1947-க்குப் பிறகு கப்பலேறிவிட்டார்கள். கேக்கும் கிறிஸ்துமஸ் டான்ஸும் பற்றி மட்டும் பேசி 'அந்தக் காலத்துப் பெரம்பூர்' என்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், கலாசிக் குடும்பத்தின் பெரம்பூரும் அதே பெரம்பூர்தானே.

அப்புறம் ராயபுரம் என்னவாயிற்று? 1873-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது, முதலில் இரண்டாவது நிலையமாக. 1907 வாக்கில் மெட்ராஸ் ரயில்வேயின் வண்டிகள் சென்ட்ரலுக்கே மாறிவிட்டன. ஆக, ராயபுரம் பெரிய டெர்மினஸாக இருந்தது சுமார் ஐம்பது வருஷம்தான். அடுத்த வருஷமே, 1908-ல், கம்பெனியும் கைமாறி சதர்ன் மராத்தா ரயில்வேயோடு சேர்ந்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே, சுருக்கமாக எம்.எஸ்.எம்., ஆனது. டெர்மினஸைச் சென்ட்ரலுக்கு மாற்றுவது எளிது, நாலு தண்டவாளமும் ஒரு கட்டடமும் போதும். பட்டறையை அப்படிப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, மெஷினை நகர்த்தினாலும் கை பழகிய ஆளை எங்கே தேடுவது? கம்பெனி போய் எம்.எஸ்.எம். வந்தது, 1951-ல் அதுவும் போய் தெற்கு ரயில்வே வந்தது, பெரம்பூர் பட்டறை மட்டும் அதே இடத்தில். ராயபுரத்துக்குச் சரக்கு வேலையும் பின்னால் மின்சார எஞ்சின் ஷெட்டும் மிஞ்சின. ஆனால் அங்கே ஊர் என்பது கடலையும் துறைமுகத்தையும் சுற்றியே வளர்ந்தது, ரயில் அதற்குப் பக்கத்தில் நின்றது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பெரம்பூரை ரயில்வே மட்டும்தான் உருவாக்கியது என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். 1870-களில் பக்கிங்ஹாம் மில், 1881-ல் கர்நாடிக் மில் என்று பின்னி கம்பெனியின் நூற்பாலைகள் இந்தப் பக்கம் வந்தன. நடந்து வருகிற தொழிலாளி என்கிற அதே கணக்கு அவற்றுக்கும் உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது இந்த வட்டாரத்து மில் தொழிலாளர்களை வைத்துத்தான், செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி.வாடியா, திரு.வி.க. எல்லோரும் அதில் இருந்தார்கள். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் மில்லிலும் தம்பி கேரேஜிலும் இருந்தது இங்கே சாதாரணம். மேற்குப் பக்கத்தை ரயில்வே வளர்த்தது, கிழக்கே ஓட்டேரி, புளியந்தோப்புப் பக்கத்தில் மில்லுக்குப் பங்கு அதிகம் என்று பிரித்தால் ஓரளவு சரியாக வரும். கோடு போட்டுப் பிரிக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க அரக்கோணத்தையும் ஜோலார்பேட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஜங்ஷன் ஊர்கள். அரக்கோணத்தில் வடமேற்குப் பாதை பிரிந்தது, 1865-லேயே காஞ்சிபுரத்துக்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு சின்னப் பாதையும் வந்தது, அதைப் போட்டது வேறொரு கம்பெனி. அப்படிப்பட்ட ஊரில் எஞ்சின் மாற்றுவார்கள், டிரைவரும் கார்டும் டூட்டி மாறுவார்கள், ராத்திரி பகல் என்று வித்தியாசம் இருக்காது. பட்டறை ஊரில் சங்குக்கு எல்லோரும் உள்ளே, சங்குக்கு எல்லோரும் வெளியே. திருச்சிப் பொன்மலை பெரம்பூர் வகை, ஆனால் அது 1920-களில் நாகப்பட்டினத்துப் பட்டறையைப் பெயர்த்துக்கொண்டுபோய்க் காலனியோடு சேர்த்துத் திட்டம் போட்டு அமைத்தது. பட்டறையைப் பெயர்க்க முடியாது என்று மேலே சொன்னேனே, தென்னிந்திய ரயில்வே என்கிற இன்னொரு கம்பெனி அதைச் செய்தது, அதற்காக ஒரு ஊரையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பெரம்பூர் அப்படித் திட்டம் போட்ட ஊர் இல்லை, அதனால்தான் தெருக்கள் இன்றைக்கும் இந்த லட்சணத்தில் இருக்கின்றன.

ஐ.சி.எப்.பை (இன்டக்ரல் கோச் பேக்டரி) இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த தொழிற்சாலை, ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் புதுப் பெட்டி கட்டுவதற்காக வந்தது. பழைய பட்டறைக்கும் அதற்கும் நூறு வருஷ இடைவெளி. ஆனால் பெரம்பூர்ப் பக்கம் அதை வைத்தபோது, பெட்டி வேலை தெரிந்த குடும்பங்கள் இங்கே நிறைய இருந்ததும் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

உங்கள் தாத்தாவைப் பற்றிப் பின்னால் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், அவர் எப்போது சேர்ந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று. வீட்டில் பி.எப். புத்தகம், பாஸ், சம்பளச் சீட்டு, பித்தளை டோக்கன் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அவர் டிக்கெட் நம்பரும் ஷாப் பெயரும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அந்தக் காலத்தில் ஒரே ஷாப்பில் நாலு முனுசாமி இருப்பார்கள். அவர் காலமான பிறகு பாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் வந்திருந்தால், பென்ஷன் ஆர்டரில் பணியில் சேர்ந்த தேதி இருக்கலாம். கொள்ளுத்தாத்தா வரைக்கும் போகவேண்டும் என்றால் எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள், மாகாண அரசின் பழைய ரயில்வே கோப்புகள் அங்கே உண்டு. அவற்றில் கலாசிகளின் பெயர் சுலபமாக அகப்படாது, பட்டறையை விரிவாக்கியது, நிலம் எடுத்தது மாதிரி விஷயங்கள்தான் அதிகம். பழைய பெட்டியும் எஞ்சினும் எப்படி இருந்தன என்று பிள்ளைகளுக்குக் காட்ட, ஐ.சி.எப். பக்கத்தில் இருக்கிற ரயில் மியூசியம் போதும். ஷாப் பெயர் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள், அந்த ஷாப்பில் என்ன வேலை நடந்தது என்பதை என்னால் சொல்ல முடியும்.